அமெரிக்காவில் எல்.எல்.எம்.: கையில் மூன்று கடிதங்கள், எதற்குச் சம்மதம் சொல்வது?

இருபதாவது வளைவு கேட்கிறார்:

வணக்கம். நான் ஏற்காட்டுக்காரி. நாகலூரையும் தாண்டி உள்ளே போகவேண்டிய சிற்றூர். சேலம் நீதிமன்றத்தில் நான்கு ஆண்டுகளாக ஜூனியர். காலை முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மாலையில் அதே இருபதையும் ஏறி வீடு சேர்கிறேன். டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு அந்தப் பஸ்ஸில்தான் தயாரானேன். வளைவுகளில் காதால் கேட்கும் பயிற்சி மட்டும்தான் முடியும். புத்தகத்தைத் திறந்தால் குமட்டும்.

அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காபி. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. நாங்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் வேறு, நாங்கள் வேறு. வீட்டில் பேசுவது தமிழ். கல்லூரிகளுக்கு அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையில் இதை விளக்கவே ஒரு பத்தி செலவானது.) ஊரில் முதல் வக்கீல் நான் என்பதால் எல்லாமே என்னிடம் வந்துவிடும்: பட்டா, சாதிச் சான்றிதழ், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வன உரிமை மனு. கூலியாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆரஞ்சும் பலாப்பழமும்.

ஏன் மேலே படிக்க நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி தமிழ்நாட்டில் ஓர் அங்குலம் கூட இல்லை. சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கிறது, அடிவாரத்தில் வெள்ளைக்கல் இருக்கிறது, நூற்றாண்டுகளாக நாங்களும் இருக்கிறோம். அட்டவணை மட்டும் இல்லை. ஆந்திரத்துப் பழங்குடிகளின் நிலத்தைச் சுரங்கக் குத்தகையிலிருந்து காத்த 1997-ஆம் ஆண்டின் சமதா தீர்ப்பை நான் எடுத்து நீட்டினால், எதிர்த்தரப்பு எழுந்து "இது அட்டவணைப் பகுதி அல்லவே" என்று ஒரே வரியில் என்னை உட்கார வைத்துவிடும். மிஞ்சுவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதை வைத்துக்கொண்டுதான் போராடுகிறேன்.

இப்படி இருக்கையில், மெகர்ட் எதிர் ஓக்லஹோமா என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தற்செயலாகக் கண்ணில் பட்டது. 2020 ஜூலையில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மஸ்கோகி க்ரீக் பழங்குடி மக்களுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த பகுதியை நாடாளுமன்றம் ஒருபோதும் கலைக்கவில்லை, ஆகவே குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் அவர்களின் பகுதியே என்கிறது தீர்ப்பு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிக்க விண்ணப்பித்தேன். மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயர் சொல்லாமல் விவரம் மட்டும் தருகிறேன்.

ஒன்று நியூயார்க் நகரில். உலகம் அறிந்த பெயர். உதவித்தொகை எதுவும் இல்லை. கட்டணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்கு மேல். இரண்டாவது, தென்மேற்கில் பாலைவன மாநிலம் ஒன்றில். பழங்குடி மக்கள் சட்டத்துக்கென்றே தனி எல்.எல்.எம். கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறார்கள். மூன்றாவது, நடு மேற்கில் ஒரு சிறிய நகரம், பொதுவான எல்.எல்.எம்., பாதிக் கட்டணம்.

சீனியர் நியூயார்க் என்கிறார். உடன் படித்த தோழி, "தரவரிசையில் மேலே இருப்பதை எடு, மற்றதெல்லாம் வீண்" என்கிறாள். நியூயார்க் பார் தேர்வு (அங்கே வக்கீலாகப் பதிவு பெறுவதற்கான தேர்வு) எழுதிவிட்டால் உலகத்தில் எங்கும் வேலை கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை; மிளகை இந்த ஆண்டு விற்காமல் மூட்டையிலேயே வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இடத்தை உறுதிசெய்யும் முன்பணத்தை ஏப்ரல் 15-க்குள் கட்ட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கறுப்புக் கோட்டு பதில்:

அம்மா, நான் அஸ்தம்பட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்கிறேன். இதே சேலத்தில் தொழில் செய்தவர்தான் ராஜாஜி. 1882 சேலம் கலவர வழக்கில் தாமே தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் வென்று வெளியே வந்த விஜயராகவாச்சாரியாரும் இந்த ஊர்தான். எவரும் எல்.எல்.எம். படிக்க அமெரிக்கா போகவில்லை.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஒரே கேள்வி: உங்கள் பெயரில் இருக்கும் வக்காலத்துகளை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்? ஓர் ஆண்டு ஆளில்லை என்றால் வழக்கு வாய்தா வாய்தாவாக நகரும், அல்லது வராமைக்குத் தள்ளுபடியாகும். பலாப்பழம் கொடுத்தவர்கள்தானே என்று விட்டுவிட முடியாது. முதலில் அதற்கு ஆளைப் பாருங்கள், பிறகு கல்லூரியைப் பாருங்கள்.

---

திரும்பி வந்தவன் பதில்:

பெரியவர் கேட்டது நல்ல கேள்வி. நான் போனபோது என்னை யாரும் இப்படிக் கேட்கவில்லை. என் கதையைச் சொல்கிறேன். அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஐந்தாண்டு பி.எல். அம்மாப்பேட்டைப் பையன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் எல்.எல்.எம். முடித்து, ஓராண்டு அங்கே திண்டாடி, நியூயார்க் பாரில் பதிவும் செய்துகொண்டு, இப்போது சேலத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன். ஆல்பனி நகரத்துக்கு நேரில் போய் உறுதிமொழி எடுத்து வாங்கிய சான்றிதழ் என் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. கட்சிக்காரர்கள் அதைப் பார்த்து, "நோட்டரி உரிமமா சார்?" என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டகத்துக்காக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 375 டாலர் பதிவுக் கட்டணம் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று என் மனைவியும் கேட்கிறார்.

நான் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த முறை உங்கள் தோழி சொன்ன முறைதான். பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன், இடம் கிடைத்தவற்றில் மேலே இருந்ததை எடுத்தேன். அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்று பார்க்கவில்லை. யு.எஸ். நியூஸ் இதழின் தரவரிசை, அமெரிக்கர்கள் படிக்கும் மூன்றாண்டு ஜே.டி. படிப்பை வைத்துப் போடப்படுகிறது. ஜே.டி. மாணவர்களின் நுழைவுத் தேர்வு மதிப்பெண், அவர்களின் பார் தேர்ச்சி, அவர்களுக்குக் கிடைத்த வேலை. எல்.எல்.எம். மாணவன் அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. அமெரிக்க வக்கீல் சங்கம் அங்கீகாரம் அளிப்பதும் ஜே.டி.க்குத்தான், எல்.எல்.எம்.முக்கு அது தனியாகத் தரச்சான்று தருவதில்லை. ஜே.டி. பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு எந்த வேலை கிடைத்தது என்று ஆண்டுதோறும் வெளியிடக் கல்லூரிகள் கடமைப்பட்டவை, எல்.எல்.எம்.முக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் அந்தத் தரவரிசைக்குத் தகவல் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டன. நம் ஊரில்தான் இன்னும் அதைப் பஞ்சாங்கம் போலப் பார்க்கிறோம்.

அடுத்தது பார் தேர்வு. நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் நியூயார்க் தேர்வு எழுதுவதை 520.6 என்ற விதி தீர்மானிக்கிறது. அது இரண்டைப் பார்க்கிறது. உங்கள் படிப்பு ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைச் சேர்ந்ததா? காலஅளவு அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு ஈடாக இருந்ததா? இரண்டும் சரியென்றால் எல்.எல்.எம். இல்லாமலேயே எழுதலாம். இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தால், அந்தக் குறையை நிரப்புவதற்குத்தான் எல்.எல்.எம். நம் நாட்டுச் சட்டம் பொதுச் சட்ட மரபு, ஐந்தாண்டு படித்திருக்கிறோம். அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு முதல் கதவே திறந்திருக்க வாய்ப்பு அதிகம். நியூயார்க் தேர்வு வாரியத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலை நேரடியாக அனுப்பச் செய்து, தகுதி உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவே. கலிஃபோர்னியா இன்னும் எளிது: சொந்த நாட்டில் பதிவுபெற்ற வக்கீல் என்றால் கூடுதல் படிப்பு இல்லாமலே எழுத விடுகிறார்கள்.

இது எனக்கு அப்போது தெரியாது. எல்.எல்.எம். இருந்தால்தான் எழுத முடியும் என்று நினைத்து, குறையை நிரப்பும் வழியில் போனேன். அந்த வழியில் போனால் படிக்கும் 24 கிரெடிட்டுகளில் (பாட அலகுகளில்) தொழில் நெறிமுறைக்கு 2, சட்ட ஆய்வு மற்றும் எழுத்துக்கு 2, அமெரிக்கச் சட்ட அமைப்புக்கு 2, தேர்வில் வரும் பாடங்களுக்கு 6. கூட்டினால் 12. பாதிப் படிப்பு! நான் ஆசைப்பட்டுப் போனது நீர்ப் பங்கீட்டுச் சட்டம் படிக்க. காவிரிக் கரைக்காரன் இல்லாவிட்டாலும் மேட்டூர் அணைக்குப் பக்கத்து ஊர்க்காரன் அல்லவா. ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அமெரிக்க முறையில் மறுபடி படித்துவிட்டு, நீருக்கு ஒரே ஒரு வகுப்பு எடுத்தேன்.

அந்த ஒரு வகுப்புக்கும் யாருக்காகப் போனேனோ அந்தப் பேராசிரியர் அந்த ஆண்டு விடுப்பில் இருந்தார். அங்கே பேராசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்ச்சி விடுப்பு எடுப்பது வழக்கம். கல்லூரி இணையப் பக்கத்தில் அவர் படம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்; கேட்கவில்லை.

வேலை விஷயம். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வழக்கமான பாதை ஜே.டி. மாணவர்களுக்கானது. எல்.எல்.எம். மாணவர்களுக்கென்று ஜனவரியில் நியூயார்க்கில் நேர்காணல் முகாம் நடக்கும். போனேன். சூட்டு வாடகைக்கு எடுக்கவில்லை, வாங்கினேன். அந்தத் தவறு வேறு. அங்கே வந்த நிறுவனங்களில் பல, தங்கள் வெளிநாட்டு அலுவலகங்களுக்கு அந்தந்த நாட்டு மொழியும் சட்டமும் தெரிந்தவர்களைத் தேடி வந்தவை. சேலம் சார்பு நீதிமன்ற அனுபவத்தை யாரும் தேடவில்லை. படிப்பு முடிந்ததும் எஃப்-1 மாணவர் விசாவில் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை செய்ய அனுமதி உண்டு. பொறியியல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு சட்டப் படிப்புக்குக் கிடையாது. அதற்கு மேல் இருக்க வேண்டும் என்றால் எச்-1பி வேலை விசா, அது குலுக்கல். உங்கள் தோழி சொல்லும் "உலகத்தில் எங்கும் வேலை" என்பதை இந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் தேடி முடிக்க வேண்டும்.

தேர்வும் விளையாட்டல்ல. இரண்டு நாள். 400-க்கு 266 வேண்டும். முதல் முறை தோற்றேன். தேறிய பிறகு நெறிமுறைத் தேர்வு தனி, 50 மணி நேர இலவசச் சட்ட உதவி தனி. அந்த 50 மணி நேரம் மட்டும்தான் அமெரிக்காவில் நான் உண்மையிலேயே வக்கீலாக உணர்ந்த நேரம். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டிக்காக மனு தயாரிக்க உதவினேன். அது வேறு கதை.

சரி, உங்கள் மூன்று கடிதங்களுக்கு வருகிறேன். பாலைவன மாநிலம், பழங்குடி மக்கள் சட்டம் என்றதும் டூசானில் இருக்கும் அரிசோனா பல்கலைக்கழகம் என்று எனக்குத் தோன்றுகிறது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் துறைக்கு அது ஒரு தலைமையிடம். பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஜேம்ஸ் அனாயா அங்கே பல ஆண்டுகள் பாடம் எடுத்தவர். பிறகு கொலராடோவுக்குப் போனார். நீங்கள் தூக்கம் தொலைத்த மெகர்ட் தீர்ப்பைப் பற்றி வகுப்பில் பேச நியூயார்க்கிலும் ஆள் இருப்பார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் அதையே பேசும் பத்துப் பேருக்கு நடுவில் உட்காருவது வேறு.

நீங்கள் ஏற்காட்டுக்குத் திரும்பப் போகிறீர்களா, இல்லையா? கேள்வியில் அதைச் சொல்லவில்லை. எழுதிய விதத்தைப் பார்த்தால் திரும்புவீர்கள் போலத்தான் இருக்கிறது. திரும்புவதானால் நியூயார்க் பெயரை வைத்து சேலத்தில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். என் சுவரைத் தங்கை இலவசமாக வந்து பார்க்கலாம்.

---

இருபதாவது வளைவு:

அண்ணா, நன்றி. பன்னிரண்டு கிரெடிட் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. பாலைவனக் கல்லூரியின் பாடத் திட்டத்தில் பார் பாடங்களுக்கு இடம் குறைவாக இருக்கிறதே என்று அதையே ஒரு குறையாக என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அதுதான் காரணம் போலிருக்கிறது.

திரும்பி வருவேன். எழுதாமல் விட்டதற்குக் காரணம், திரும்பி வருவேன் என்று சொன்னால் "பிறகு எதற்குப் போகிறாய்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஐயா கேட்ட வக்காலத்து விஷயம்: சீனியரிடம் பேசினேன். பதினொரு வழக்குகள். ஏழு வழக்குகளை அவர் எடுத்துக்கொள்கிறார். மற்ற நான்கிற்குத் தோழியைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குப் பலாப்பழம் பிடிக்குமாம்.

பணம்தான் இன்னும் புரியவில்லை. வங்கியில் கேட்டால் காபித் தோட்டத்தின் பத்திரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

---

குகை ஓய்வூதியர் பதில்:

மகளே, நான் அரசு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சேலம் குகைப் பகுதியில் மாரியம்மன் கோவில் பக்கம் வீடு. உதடு பிதுக்கியதற்குக் காரணம் உனக்கே தெரிந்த சட்டம்தான்: வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆவது பிரிவு, வேளாண் நிலத்தின் மீதான அடமானத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. கடன் வராமல் போனால் வங்கியால் அதை எளிதில் ஏலம் விட முடியாது. அதனால் ஊருக்குள் வீடு, அல்லது வைப்புத்தொகை கேட்பார்கள். அதோடு பழங்குடியினர் நிலம், நிபந்தனைப் பட்டா என்று ஏதாவது இருந்தால் கோப்பைத் தொடவே பயப்படுவார்கள். அப்பாவின் தோட்டத்தை மேசைமேல் வைக்காதே. வேறு வழி இருக்கிறது.

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை அடமானம் தேவையில்லை. அதற்கு மேல்தான் கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உன் கையிலிருந்து போட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், இதை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள். நியூயார்க்குக்கு 80 லட்சம் கடன் வாங்கினால் பதினைந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 88,000 ரூபாய். 30 லட்சம் என்றால் சுமார் 33,000. சேலத்தில் ஜூனியர் வக்கீலின் வருமானம் எனக்குத் தெரியும், என் மருமகனும் வக்கீல்தான். 88,000 என்பது ஆரஞ்சாலும் பலாப்பழத்தாலும் அடைபடாது. 33,000 கூட மூச்சு முட்டும்.

அதனால் கடனுக்கு முன் உதவித்தொகையைப் பார். ஒன்றிய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்குத் தேசிய உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 20 பேருக்கு மட்டும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. நாடு முழுதும் இருபதுதானே என்று விட்டுவிடாதே. தெரியாமல் விண்ணப்பிக்காத பிள்ளைகள்தான் அதிகம் என்பது என் அனுபவம். மாநில அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவுகிறது. சேலம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் போய் நேரில் கேள், தொலைபேசியில் கேட்காதே. அமெரிக்க, இந்திய அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் சட்டமும் ஒரு துறை. மூன்றாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், உனக்கு நான்கு இருக்கிறது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், இந்த ஆண்டுக்கு நேரம் கடந்துவிட்டது. கல்லூரியிடம் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பார். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

இன்னும் இரண்டு சிறு விஷயம். கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு, அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி (டி.சி.எஸ்.) கிடையாது. சொந்தப் பணத்தில் அனுப்பினால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள். பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வட்டிக்கு எட்டு ஆண்டு வரிவிலக்கு உண்டு, பழைய வரிமுறையில் மட்டும்.

மிளகை விற்கச் சொல் அப்பாவிடம். மூட்டையில் பூஞ்சை பிடித்தால் யாருக்கும் லாபமில்லை.

---

டூசான் சேலத்துக்காரி பதில்:

டூசான் பெயரைப் பார்த்ததும் வந்துவிட்டேன். நான் செவ்வாய்ப்பேட்டைப் பெண், இங்கே ஒன்பது ஆண்டு. சட்டம் தெரியாது, ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

வெயில் சேலத்து மே மாதம் போல, ஆனால் வியர்க்காது. ஏற்காட்டில் வளர்ந்தவருக்கு முதல் இரண்டு மாதம் அழுகை வரும். ஆகஸ்டில் வந்திறங்கினால் மழைக்காலம். மாலையில் திடீரென்று வானம் கறுத்துக் கொட்டும், பாலைவனச் செடிகளிலிருந்து ஒரு வாசனை எழும். நம் ஊர்க் கோடை மழை மண்வாசனை போல என்று சொல்லமாட்டேன், அது வேறு, ஆனால் நெஞ்சில் அதே இடத்தைத் தொடும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே டிராம் வருகிறது. அதன் பாதையை ஒட்டி அறை எடுத்தால் கார் இல்லாமல் ஓர் ஆண்டைச் சமாளிக்கலாம். தட்டுவடை செட் கிடைக்காது. நல்ல இந்திய மளிகைக்கு ஃபீனிக்ஸ் வரை, ஏறக்குறைய 180 கிலோமீட்டர், யாராவது காரில் போகும்போது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்கள் படிப்புக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே டோஹோனோ ஓதாம் மக்களின் பகுதி இருக்கிறது. நகரத்தை ஒட்டியே பாஸ்குவா யாக்கி மக்களின் பகுதி. அவர்களுக்குச் சொந்த நீதிமன்றம் உண்டு. என் பக்கத்து வீட்டு அம்மா அங்கே எழுத்தராக வேலை செய்கிறார். பழங்குடி மக்களே நடத்தும் நீதிமன்றத்துக்குக் காலையில் டிபன் டப்பாவோடு வேலைக்குப் போகிறார். எனக்கு அது ஒன்பது ஆண்டாகப் பழகிவிட்டது; நீங்கள் கேட்ட கேள்வியைப் படித்த பிறகுதான் அதில் ஒரு விசேஷம் இருப்பது உறைத்தது.

---

திரும்பி வந்தவன்:

விசாவுக்கும் ஒரு வார்த்தை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் ஓரிரு நிமிடம்தான். "ஏன் இந்தக் கல்லூரி, முடித்துவிட்டு என்ன செய்வாய்?" இந்த இரண்டும் நிச்சயம். திரும்பி வருவேன் என்பதை நம்ப வைப்பது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு என்றுதான் அவர்கள் சட்டமே சொல்கிறது. நான் தரவரிசை பற்றி உளறினேன், தப்பித்தது அதிர்ஷ்டம். உங்களுக்கு உளற வேண்டியதில்லை. ஐந்தாவது அட்டவணைக் கதையை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனால் விடியற்காலை சென்ட்ரல். ஆனால் நேர்காணலுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள், ரயில் தாமதமானால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டீர்களா?

---

இருபதாவது வளைவு:

போட்டேன் அண்ணா. மூன்று கல்லூரிக்கும் ஒரே மூன்று கேள்விகள்: அடுத்த கல்வியாண்டில் யார் விடுப்பில் இருக்கிறார்கள், சட்ட உதவி மையத்தில் எல்.எல்.எம். மாணவர்களைச் சேர்க்கிறீர்களா, சென்ற ஆண்டு முடித்த வெளிநாட்டு மாணவர் ஒருவருடன் பேச முடியுமா.

நியூயார்க்கிலிருந்து அழகான ஒரு பொதுக் கடிதம் வந்தது. என் கேள்வி மூன்றும் அதில் இல்லை. நடு மேற்கிலிருந்து பதில் இல்லை. பாலைவனத்திலிருந்து பேராசிரியரே எழுதினார். விடுப்பு இல்லை, இருப்பேன் என்றார். மையத்தில் இடம் உண்டு, ஆனால் முதல் பருவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்றார். கடைசியில், தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஏன் அறிவிக்கப்படவில்லை, அதற்கான காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன்.

பாலைவனக் கல்லூரியிடம் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன். முன்பணத்தை மட்டும் இப்போது கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். மிளகு விற்ற பணம். இந்த ஓராண்டில் ஃபுல்பிரைட்டுக்கும் அமைச்சக உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கிறேன். நியூயார்க் தேர்வு வாரியத்துக்கு இப்போதைக்கு எதுவும் அனுப்பவில்லை.

நேற்று இரவு செல்பேசி வரைபடத்தில் அப்பாவுக்கு டூசானைக் காட்டினேன். பழுப்பு நிறத்தைப் பார்த்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அங்கே மிளகு வருமா?" என்று கேட்டார். டூசான் அக்கா, நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

---

டூசான் சேலத்துக்காரி:

மிளகு வராது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் இங்கே தெற்கே மலைச்சரிவுகளில் சில்டெபின் என்று ஒரு காட்டு மிளகாய் தானாகவே விளைகிறது. மிளகு அளவுதான் இருக்கும், உருண்டையாக, சிவப்பாக. வேறு மரத்தின் நிழலில்தான் வளரும்.